பிசையாத மாவு

சமையலைப் பற்றி இந்தப் பத்திரிகையில் எழுதலாமா என்று எனக்குத் தெரியவில்லை. நெடுங்கவிதை பற்றி ஒரு கட்டுரை தருவதாகச் சொல்லி ஆசிரியரிடம் இரண்டு இதழ்களாகத் தவணை வாங்கிக்கொண்டிருந்தேன். அந்தக் கட்டுரை வரவில்லை. இது வந்தது.

என் தகப்பனாருக்கு இப்போது 78 வயது. துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். பற்கள் எல்லாம் போய்விட்டன. கட்டிக்கொடுத்த பல்செட்டைக் கிண்ணத் தண்ணீரில் போட்டு வைத்திருக்கிறார், யாரோ விருந்தாளியின் பொருள் மாதிரி. அம்மா இறந்த பிறகு வீட்டில் நாங்கள் இருவர்தான். இரவில் சோறு வேண்டாம் என்று ஆரம்பித்தபோது கடை ரொட்டி வாங்கித் தந்தேன். பாலில் நனைத்து இரண்டு துண்டு தின்றுவிட்டு, "இது காத்துடா, காத்த துட்டு குடுத்து வாங்கியாந்துக்கிறே" என்றார்.

தண்டையார்பேட்டையில் ரொட்டி என்றால் இரண்டு வகை. டீக்கடைக் கண்ணாடி ஜாடியில் இருக்கும் பன், பொறை, வருக்கி ஒரு வகை. பாதி மனிதருக்கு, பாதி தெரு நாய்க்கு. மற்றது காய்ச்சல்காரனுக்கு வாங்குவது. பேட்டையிலேயே தொற்றுநோய் ஆஸ்பத்திரி இருப்பதால் எங்களுக்கு இந்த இரண்டாவது அர்த்தம் கொஞ்சம் அதிகமாகவே ஊறியிருக்கிறது. பாலும் ரொட்டியும் என்று ஒருவன் கடையில் கேட்டால், வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை என்றுதான் கடைக்காரர் விசாரிப்பார். பசிக்கு ரொட்டி என்கிற எண்ணமே நமக்கு மொழிபெயர்ப்பு நாவல்களிலிருந்து வந்தது. நான் பி.ஏ. ஆங்கிலம் படித்தவன், அதை முழுமையாக நம்பியிருந்தேன்.

வீட்டில் நாமே செய்தால் என்ன என்று தோன்றியபோது ஒரு தடை. வங்கியில் பத்து வருஷம் விசைப்பலகையைத் தட்டியதில் வலது மணிக்கட்டு போய்விட்டது. பத்து நிமிஷம் மாவைப் பிசைந்தால் மறுநாள் கையெழுத்து வேறு யாருடையதோ போலிருக்கும். வங்கி குமாஸ்தாவுக்கு இது சாதாரண விஷயமில்லை.

பிசையாமலே ரொட்டி சுடலாம் என்பதை நியூயார்க்கின் ஜிம் லாஹி என்ற ரொட்டிக்கடைக்காரர் பிரசித்தமாக்கினார். மார்க் பிட்மன் 2006 நவம்பரில் நியூயார்க் டைம்ஸில் அதைப் பற்றி எழுதினார். மூன்று கப் மாவு, கால் டீஸ்பூன் ஈஸ்ட், ஒன்றேகால் டீஸ்பூன் உப்பு, ஒன்றரைக் கப்புக்குச் சற்று மேல் தண்ணீர். கரண்டியால் கிளறி மூடிவைத்து 12 மணி நேரம், முடிந்தால் 18 மணி நேரம் சும்மா விடவேண்டும். பிறகு மடித்து இன்னும் இரண்டு மணி. கனமான மூடி போட்ட பாத்திரத்தை அடுப்புக்குள் 450 டிகிரி பாரன்ஹீட்டில் காயவைத்து அதில் மாவைக் கவிழ்க்கவேண்டும். மாவிலிருந்து எழும் நீராவி மூடிக்குள் அடைபட்டு, மேல்தோல் சீக்கிரம் இறுகிவிடாமல் பார்த்துக்கொள்ளும். பேக்கரிக்காரர்கள் இதற்காக அடுப்புக்குள் நீராவி விடுவார்கள். இங்கே பாத்திரமே அந்த வேலையைச் செய்துவிடுகிறது.

பிசைதல் எதற்கு என்று தெரிந்தால் பிசையாமை விளங்கும். கோதுமை மாவில் உள்ள இரண்டு புரதங்கள் தண்ணீர் பட்டதும் ஒன்றோடொன்று பின்னி ரப்பர் போன்ற வலையாகின்றன. ஈஸ்ட் வெளியிடும் வாயுவை அந்த வலைதான் பிடித்து நிறுத்துகிறது. பிசைவது இந்தப் பின்னலைத் துரிதப்படுத்துகிறது, அவ்வளவுதான். தண்ணீர் தாராளமாக இருந்து நேரமும் இருந்தால் இழைகள் தாமே நகர்ந்து சேரும். உள்ளே ஊதுகிற குமிழிகள் அவற்றை இழுத்துக் கொடுக்கும். பொலோனா நகரத்துப் பெக்காரி என்பவர் மாவைத் தண்ணீரில் கழுவி இந்த ரப்பரைத் தனியாக எடுத்ததை 1745இல் பிரசுரித்தார். நம்மூரில் அல்வா கிண்டுகிறவர்கள் பெயர் வைக்காமல் அதையே செய்கிறார்கள். திருநெல்வேலி அல்வாவுக்குக் கோதுமையை ஊறவைத்து அரைத்துப் பால் எடுப்பார்கள். பாலில் இறங்குவது மாவுச்சத்து, கையில் மிஞ்சுகிற பிசுபிசுத்த சக்கைதான் அந்த ரப்பர். ரொட்டிக்கு உயிரான பாகம் அல்வாவுக்குக் குப்பை. பரோட்டா மாஸ்டர்கூட, அவ்வளவு அடித்துப் பிசைந்த பிறகு, எண்ணெய் தடவி மாவை ஊறவிடுகிறார். அவர் தோளைப் பார்த்து வியக்கிற நாம் அந்த இடைவேளையைக் கவனிப்பதில்லை.

முதல் தடவை லாஹி சொன்னதை அப்படியே செய்தேன். மே மாதம். ராத்திரி எட்டு மணிக்குக் கரைத்த மாவு மறுநாள் பிற்பகல் கிண்ணத்தில் தட்டையாகக் கிடந்தது, மேலே கொஞ்சம் நீர் கோத்து, சிறு குமிழிகளோடு. நைனா மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தார்.

"டேய், கள்ளு வாசன வருதுடா."

தப்பில்லை. ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று வாயுவோடு சாராயத்தையும் விடுகிறது. கோவாவில் போர்த்துகீசியர் காலத்திலிருந்து ரொட்டி மாவைக் கள் விட்டே புளிக்கவைத்தார்கள். ரொட்டிக்கு இலங்கைத் தமிழர் சொல்லும் பாண் என்ற வார்த்தையும் போர்த்துகீசியம்தான். நைனாவின் மூக்கு சரித்திர ரீதியாகச் சரி.

நியூயார்க் செய்முறை எழுதப்பட்டது 70 டிகிரி அறைக்கு. எங்கள் சந்தில் மே மாத ராத்திரி 85க்குக் கீழே இறங்காது. இதைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று ரொட்டி செலவாயிற்று. அம்மா இருந்திருந்தால் முதல் நாளே சொல்லியிருப்பாள். கோடையில் இட்லி மாவை ராத்திரி பத்து மணிக்கு மேல்தான் ஆட்டி வைப்பாள். பாத்திரத்தில் பாதிக்கு மேல் ஊற்றமாட்டாள். மார்கழியில் அடுப்பு மேடை ஓரமாக நகர்த்திவைப்பாள். இந்த வீட்டில் ஐம்பது வருஷம் புளித்த மாவு எனக்கு ஒன்றும் கற்றுக்கொடுக்கவில்லை. அமெரிக்கப் பத்திரிகை கற்றுக்கொடுத்தது. என் இலக்கியக் கல்வியும் ஏறக்குறைய இதே விதமாகத்தான் நடந்தது என்பதை நண்பர்கள் அறிவார்கள்.

இப்போது செய்வது இது. மைதா 400 கிராம், தண்ணீர் 280 மில்லி (நம் மைதா அவர்கள் மாவு குடிக்கிற அளவு குடிப்பதில்லை), உப்பு 8 கிராம், ஈஸ்ட் ஒரு சிட்டிகை. ராத்திரி பத்துக்குக் கரைத்தால் காலை ஐந்துக்குத் தயார். அடுப்பு என்று தனியாக ஒன்று கிடையாது. பழைய குக்கரில் கேஸ்கட்டையும் வெயிட்டையும் கழற்றிவிட்டு, அடியில் கல் உப்பைப் பரப்பி, வளையம் வைத்து, அதன்மேல் மாவுப் பாத்திரம். முக்கால் மணி நேரம். மேற்புறம் வெளுப்பாகவே இருக்கும், எடுத்து தோசைக்கல்லில் குப்புறப் போட்டுச் சிவக்கவைக்கவேண்டும். லாஹி பார்த்தால் வருத்தப்படுவார். வாசனை மட்டும் ஒன்றுதான் என்று நினைத்துக்கொள்கிறேன். காலை ஐந்தே முக்காலுக்குக் கன்டெய்னர் லாரிகளின் டீசல் புகையையும் மீறிக்கொண்டு அது சந்துக்குப் போகிறது.

நைனாவுக்கு ஆட்சேபணை ருசியில் இல்லை, விதத்தில்.

"பெசையாம வுட்டுட்டு தூங்கப் போறே. அது பாட்டுக்கு ரொட்டியாவுமா?"

"ஆகும் நைனா. சும்மா விட்டா போதும்."

"சும்மாவா?"

சும்மா என்ற சொல் வந்துவிட்டால் எந்தத் தமிழ் விமர்சகனுக்கும் கை அரிக்கும். சும்மா இருத்தலைப் பற்றித் தாயுமானவர் தொடங்கிப் பேசலாம். தண்டையார்பேட்டை என்ற பெயரே தொண்டியிலிருந்து வந்த குணங்குடி மஸ்தான் சாகிபால் ஏற்பட்டது என்பார்கள், அவரையும் இழுக்கலாம். அன்று ராத்திரியே நாலு பக்கம் எழுதினேன். காலையில் படித்தபோது வாய்விட்டுச் சிரிக்கவேண்டியிருந்தது. ஏனென்றால் நைனாவின் அகராதியில் சும்மா என்றால் வேறு. 1966இல் 19 வயதில் துறைமுகத்துக்குப் போனவர் அவர். அட்டை கிடைக்கும்வரை தினக்கூலி. காலையில் வாசலில் போய் நிற்கவேண்டும், பேர் கூப்பிட்டால் வேலை. கூப்பிடாவிட்டால் சும்மா. சும்மா இருந்த நாளுக்குக் காசு கிடையாது, வீட்டில் உலை கிடையாது.

அந்த வருஷங்களில் அவர் தூக்கியது பெரும்பாலும் கோதுமை. பி.எல். 480 என்ற அமெரிக்கச் சட்டத்தின்கீழ் வந்த தானியம். 1966இல் இந்தியா ஒரு கோடி டன்னுக்கு மேல் தானியம் இறக்குமதி செய்தது. கப்பலிலிருந்து நேரே வாய்க்கு என்று அதைச் சொன்னார்கள். கப்பலுக்கும் வாய்க்கும் நடுவில் நைனாவின் கழுத்து இருந்தது. கப்பலின் அடித்தளத்தில் குவிந்து கிடக்கும் கோதுமையை வாரிக் கோணியில் நிரப்பித் தைத்துத் தூக்கவேண்டும், மூட்டை ஒரு குவிண்டால் பக்கம். தூசு வேர்வையில் பட்டுப் பிடரியில் பசையாகும். சாயங்காலம் நகத்தால் சுரண்டி உருட்டிப் போடுவார்களாம். "நாங்க கய்த்துலயே பெசஞ்சவங்கடா" என்றார் ஒருமுறை. அது ஒரு வரி. நான் குறித்துவைத்துக்கொண்டதைப் பார்த்துவிட்டு, எதற்கு எழுதுகிறாய் என்று கேட்டார். பதில் சொல்லவில்லை.

ரேஷனிலும் அதே கோதுமை. சோறு தின்கிறவர்களுக்கு அது பஞ்சத்தின் தானியம். 1967 தேர்தலில் தி.மு.க. ரூபாய்க்கு மூன்று படி அரிசி லட்சியம், ஒரு படி நிச்சயம் என்று சொல்லி ஜெயித்தபோது ஓட்டுப் போட 21 வயது ஆகவேண்டும். நைனாவுக்கு ஆகவில்லை, கொடி மட்டும் பிடித்தார். மத்திய அரசோ 1965லேயே மாடர்ன் பேக்கரீஸ் என்ற கம்பெனி தொடங்கி, ஆஸ்திரேலிய உதவியோடு நகரங்களில் ரொட்டித் தொழிற்சாலை வைத்து நம்மைக் கோதுமைக்குப் பழக்க முயன்றது. 2000இல் அதை இந்துஸ்தான் லீவருக்கு விற்றும்விட்டார்கள். அவர்கள் பழக்கியது மிச்சம் இருக்கிறது, எல்லாப் பெட்டிக்கடையிலும்.

ஆக, கோதுமை என்றால் நைனாவுக்குப் பாரம். அதன்மேல் கை வைக்காமல் ஒருவன் தூங்கி எழுந்து ரொட்டி எடுக்கிறான் என்றால் ஏதோ ஏமாற்று நடந்திருக்கவேண்டும். ஓய்வு பெற்றபோது வந்த பணத்தை வங்கியில் போட்டார். பாஸ்புக்கில் முதல் வட்டி வரவு பதிவானதும் என்னிடம் காட்டி, "இது யார் போட்ட துட்டு?" என்று கேட்டார். விளக்கினேன். கேட்டுக்கொண்டார், நம்பவில்லை. தூங்கும்போது வளர்கிற எதையும் அவர் அதற்குமுன் சொந்தமாக வைத்திருந்ததில்லை.

இங்கே நான் கொஞ்சம் அவர் கட்சி. பிசையாத ரொட்டியைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் இதில் உழைப்பே இல்லை என்று குதூகலிக்கிறார்கள். நான்கு வயதுக் குழந்தைகூடச் செய்யும் என்று லாஹி சொன்னதாக வேறு. உழைப்பு எங்கே போயிற்று? அரைத்து, சலித்து, மூட்டை கட்டி, ஏற்றி இறக்கிய பிறகு கடைசிப் பத்து நிமிஷத்தைத்தானே காலத்திடம் ஒப்படைக்கிறோம்! அந்தக் காலமும் எல்லார் கையிலும் இருக்கிற சரக்கல்ல. நாளை இந்நேரம் வீட்டில் இருப்போம், அடுப்பில் வாயு இருக்கும் என்று நம்பக்கூடியவன்தான் இன்றைக்கே மாவைக் கரைக்கலாம். எனக்கு மாதச் சம்பளம். கரைக்கிறேன்.

விமர்சனத்தில் நான் பிசைகிற கட்சியாக இருந்தவன் என்பதையும் சொல்லிவிடவேண்டும். 28 வயதில் ஒருவருடைய முதல் தொகுப்புக்குப் பதினான்கு பக்கம் எழுதினேன். தொகுப்பே நாற்பது பக்கம். விளக்கு எரிந்ததால் அதை வேலை என்று நைனா ஒப்புக்கொண்டார், டீகூடப் போட்டுக் கொடுத்தார். பிறகு ராயபுரத்தில் ஒரு டீக்கடையில் அந்தக் கவிஞரைப் பார்த்தேன். "கஷ்டப்பட்டு எழுதியிருக்கீங்க" என்றார், மரியாதையாக. அவர் அதற்கப்புறம் எழுதியதாகத் தெரியவில்லை. என் கட்டுரைதான் காரணம் என்று சொல்லிக்கொள்வது கர்வமாகிவிடும். ஆனால் இப்போது அந்தத் தொகுப்பைத் திறந்தால் எல்லா வரியிலும் என் விரல் பதிந்திருக்கிறது. எது அவருடையது என்று பிரிக்க முடியவில்லை.

லாஹியின் ரொட்டிக்குப் பெருமையே அதன் மொறுமொறுத்த மேல்தோல். பல் இல்லாதவருக்கு அது உபத்திரவம். நைனா உள்சதையை மட்டும் பிய்த்து டீயில் தோய்த்துத் தின்றுவிட்டு மேல்தோலைத் தட்டோரம் ஒதுக்கிவிடுவார், அதை நான் தின்பேன். ஒன்றரை வருஷமாக இப்படித்தான் நடந்துவருகிறது.

போன மார்ச் 31 அன்று கணக்கு முடித்து வீடு வரப் பதினொன்றரை. நைனா படுத்திருந்தார். மாவு கரைக்கவில்லையே என்று சமையலறைக்குப் போனால், மேடையில் கிண்ணம், அதன்மேல் தட்டு, தட்டின்மேல் அம்மாவின் சின்ன உரல். திறந்தேன். உள்ளே மாவு உருண்டையாக, வழவழப்பாக, பந்து மாதிரி. அழுத்திப் பிசைந்திருந்தார். ஒட்டாமல் இருக்க நிறைய மாவு தூவியிருக்கிறார் என்று மேடையைப் பார்த்தால் தெரிந்தது. தொட்டுப் பார்த்தேன், கல்.

காலையில் அதையே சுட்டேன். சரியாக எழும்பவில்லை, அறுத்தால் நடுவில் நெருக்கமாக, ஈரமாக இருந்தது. நைனா டம்ளரில் ஒரு துண்டை வெகுநேரம் அமுக்கிப் பிடித்திருந்தார்.

"இது ரொட்டி" என்றார்.

அன்றைக்கு மேல்தோலையும் அவரே ஊறவைத்துத் தின்றார்.