அறுபதாவது அதிபர்

அமெரிக்கர் உதைபந்தாட்டம் என்று சொல்வது எங்கள் ஊர்க் கழகங்கள் விளையாடிய ஆட்டமல்ல. பந்து முட்டை வடிவம். காலைவிடக் கைக்குத்தான் வேலை. தலைக்கவசம் போட்டுக்கொண்டு ஆளை ஆள் மோதி விழுத்துவார்கள். வெஸ்ட் பொயின்ற் இராணுவக் கல்லூரிக்கும் கடற்படைக் கல்லூரிக்கும் இடையே 1890இல் தொடங்கிய ஆட்டம் அங்கே பெரிய விசேடம்.

வெஸ்ட் பொயின்ற் அணியில் விளையாடி, 1983இல் பட்டம் பெற்றவர் டரில் வில்லியம்ஸ். 2018இல் அதே கல்லூரிக்கு 60ஆவது அதிபராக வந்தார். கல்லூரி தொடங்கியது 1802இல். 216 வருடங்களில் முதலாவது கறுப்பின அதிபர் இவர்தான்.

இராணுவம் என்றாலே வயிறு கலங்கும் சனம் நாங்கள். இவரைப் பற்றி எழுத எனக்கும் தயக்கம்தான். ஆனால் அந்தக் கதிரைக்கு வந்த வழியை வாசித்தபின் எழுதாமல் விட மனம் வரவில்லை.

அடிமையாகப் பிறந்த ஹென்றி பிளிப்பர் 1877இல் அங்கே பட்டம் பெற்ற முதல் கறுப்பினத்தவர். 1932இல் பெஞ்சமின் டேவிஸ் சேர்ந்தார். நான்கு வருடமும் அவரோடு ஒருவரும் அறையில் தங்கவில்லை. கடமைக்காக அன்றி ஒருவரும் கதைக்கவில்லை. சாப்பாடும் தனியே. தானாகவே விட்டுப் போகட்டும் என்பதுதான் எண்ணம். அவர் போகவில்லை. 1936இல் 276 பேரில் 35ஆவதாகத் தேறினார்.

நான் வேலை செய்யும் தொழிற்சாலையிலும் முதல் கிழமைகளில் சாப்பாட்டு மேசையில் என்னோடு ஒருவரும் கதைக்கவில்லை. அது வெறுப்பில்லை, பாஷை இல்லாத குறை. அதுவே பாண் துண்டைத் தொண்டையில் இறங்க விடாது. நான்கு வருடம், அதுவும் தன் சொந்தப் பாஷை பேசுகிறவர்கள் நடுவில், அந்தப் பெடியன் எப்படி இருந்தான்? பிறகு டேவிஸ் விமானப்படையின் முதலாவது கறுப்பினத் தளபதியானார். 2017இல் கல்லூரி புதிய விடுதி ஒன்றுக்கு அவர் பெயரை வைத்தது. வில்லியம்ஸ் அடுத்த வருடம் வந்தார்.

வில்லியம்ஸ் பீரங்கிப் படை அதிகாரி. 2014இல் எபோலா நோய் லைபீரியாவில் பரவியபோது, சிகிச்சை நிலையங்கள் அமைக்கப்போன அமெரிக்கப் படைக்கு முதலில் பொறுப்பாக இருந்தார். திரும்பி வந்ததும் இத்தாலியின் விசென்சாவில் 21 நாட்கள் அவரையும் கூட வந்தவர்களையும் தனியே வைத்திருந்தார்கள். நோய் இல்லாவிட்டாலும் அதுதான் ஒழுங்கு.

அதிபர் பதவியில் அவருக்குப் பெரிய தலையிடி 2020இல் வந்தது. கொரோனாவால் மாணவர்கள் வளாகத்துக்கு வெளியே இருந்து எழுதிய கணிதப் பரீட்சையில், 70க்கு மேற்பட்டோர் களவு செய்ததாகக் குற்றச்சாட்டு. பொய், களவு கூடாது என்பது அந்தக் கல்லூரியின் சத்தியம். சிக்கியவர்களுள் உதைபந்தாட்ட அணியினரும் இருந்தார்கள், அவருடைய பழைய அணியின் பிள்ளைகள். எட்டுப் பேர் வெளியேற்றப்பட்டனர். ஐம்பது பேரளவில் ஒரு வருடம் பின்தள்ளப்பட்டனர். குற்றத்தை ஒப்புக்கொண்டால் கல்லூரியில் இருக்கலாம் என்ற சலுகையையும் 2021இல் அவர் நிறுத்தினார்.

தண்டனை காணாது என்று சொன்னவர்களும் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. பெரும்பாலும் எல்லாரும் முதல் வருடப் பிள்ளைகள். கூடப் படித்தவர்கள் முன்னே போக, அதே வகுப்பில் இன்னொரு வருடம் இருப்பது சின்னத் தண்டனையா?