சைக்கிள் மணி

ரொறன்ரோவில் வாழும் நண்பர் ஒருவர் கடந்த ஆண்டு கொழும்புக்கு வந்தபோது எனக்கு ஒரு சிறு பெட்டியைக் கொண்டுவந்து தந்தார். கறுப்பு அலுமினியப் பெட்டி. முன்புறத்தில் பெரிய குமிழ் ஒன்று. கணினியில் வெறும் எண்களாகக் கிடக்கும் ஒலியை மீண்டும் மின்னலையாக மாற்றி ஹெட்போனுக்கு அனுப்பும் கருவி அது. ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து 'டாக்' என்கிறார்கள். விலை 250 கனடிய டொலர். இத்துறையில் ஆயிரக்கணக்கான டொலருக்கும் கருவிகள் விற்பனையாவதால் இதனை மலிவுவிலைக் கருவி என்றே கொள்ளவேண்டும் என்றார் நண்பர். பத்திரிகைத் தொழிலில் ஓய்வுபெற்றவனாகிய எனக்கு அந்தச் சொற்பிரயோகம் சற்று வினோதமாகவே பட்டது.

என்னிடமுள்ள பழைய ஒலிப்பதிவு நாடாக்களை நான் கணினிக்கு மாற்றிக்கொண்டிருப்பதை அறிந்தே அவர் அதனைக் கொண்டுவந்தார். அவற்றுள் ஒன்று 1986 இல் யாழ்ப்பாணத்தில் நான் பதிவு செய்தது. எனக்குத் தொழில் கற்பித்த மூத்த உதவி ஆசிரியர், ஈய எழுத்துக் கோத்த காலத்தின் கதைகளை ஒரு மணிநேரம் பேசுகிறார். அவர் இப்போது இல்லை. அவருடைய குரலென்று உலகில் எஞ்சியிருப்பது, நானறிய, அந்த நாடா மட்டுமே.

புதிய பெட்டியில் அதனைக் கேட்ட முதல் இரவு எனக்கு நித்திரை வரவில்லை. குரல் அருகே வந்துவிட்டது. பதினான்காவது நிமிடத்தில், அவர் ஒரு வசனத்தை முடித்து மூச்செடுக்கும் இடைவெளியில், வெளியே வீதியில் ஒரு சைக்கிள் மணி கேட்டது. எத்தனையோ தடவை கேட்ட நாடா. அந்த மணியை நான் ஒருபோதும் கேட்டதில்லை. நண்பருக்கு அன்றிரவே நீண்ட கடிதம் எழுதினேன். நாடாவில் புதைந்து கிடந்ததை உங்கள் பெட்டி தோண்டியெடுத்துத் தந்துவிட்டது என்று எழுதினேன். அமரரின் மகளுக்கும் தொலைபேசியில் அதையே சொன்னேன். தனக்கும் அப்படியொரு பெட்டி வேண்டும் என்றார் அவர். 250 டொலர் அவருக்குச் சிறிய தொகையல்ல. அதுதான் என்னைச் சற்று யோசிக்க வைத்தது.

என் தங்கையின் மகன் மின்னியல் பொறியியலாளன். விடயத்தைக் கேட்டுவிட்டுச் சிரித்தான். "கூடச் சத்தமாய்க் கேட்டால் நல்லாய்க் கேக்கிற மாதிரித்தான் இருக்கும், மாமா" என்றான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மின்னழுத்தமானி ஒன்றுடனும், அப்பிள் நிறுவனம் கைபேசிகளுக்காக 9 டொலருக்கு விற்கத் தொடங்கிய விரல்நீள வயர்த் துண்டு ஒன்றுடனும் வந்தான். அந்தத் துண்டின் முனைக்குள்ளும் ஒரு டாக் இருக்கிறது. (ஐரோப்பாவில் விற்கப்படும் வடிவத்தின் வெளியீட்டு மின்னழுத்தம் அமெரிக்க வடிவத்தினதில் ஏறத்தாழப் பாதி என்பதை அங்குள்ள வாசகர்கள் கவனிக்கவேண்டும்.)

இங்கே சில எண்களைச் சொல்லியாகவேண்டும். இக்கருவிகளை அளப்பவர்கள் ஒரு சுத்தமான தொனியைச் செலுத்தி, வெளியே வருவதில் அந்தத் தொனியல்லாத இரைச்சலும் திரிபும் எவ்வளவு என்று பார்க்கிறார்கள். வேறுபாடு 60 டெசிபல் என்றால் அசுத்தம் ஆயிரத்தில் ஒரு பங்கு. 100 டெசிபல் என்றால் இலட்சத்தில் ஒரு பங்கு. 120 என்றால் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு. அந்த 9 டொலர் துண்டு 100 டெசிபலை அண்மிக்கிறது. பெட்டிகளை விற்பவர்கள் 120 ஐ எட்டுவதற்குப் போட்டியிடுகிறார்கள். சோனியும் பிலிப்ஸும் 1980 இல் வகுத்த இறுவட்டுத் தரம், விநாடிக்கு 44,100 தடவை, 16 பிட் எண்களால் ஒலியைக் குறிப்பது. அதன் கோட்பாட்டு எல்லையே ஏறத்தாழ 96 டெசிபல்தான்.

என்னுடைய நாடாவோ? இரைச்சல் குறைப்பு வசதியற்ற சாதாரண கசெற்றில் குரலுக்கும் இரைச்சலுக்கும் இடையே 50 டெசிபல் கிடைத்தாலே பெரிய காரியம். பத்து இலட்சத்தில் ஒரு பங்கு துல்லியமுள்ள கருவியில், முந்நூறில் ஒரு பங்கு இரைச்சலை நான் மிகத் துல்லியமாகக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

மருமகன் முதலில் இரண்டின் வெளியீட்டையும் அளந்தான். நான் வழமையாக வைக்கும் நிலையில் பெட்டி 2 டெசிபல் உரத்து ஒலித்தது. இவ்வளவு சிறிய வேறுபாட்டை நம் காது 'சத்தம் கூட' என்று உணர்வதில்லை. 'தெளிவு கூட' என்றே உணர்கிறது. ஒலியளவு மாறும்போது தாழ்ந்த, உயர்ந்த மீடிறன்களை நாம் உணரும் விதமும் மாறுகிறது என்பதை பெல் ஆய்வுகூடத்தின் ஃபிளெச்சரும் மன்சனும் 1933 இலேயே அளந்து காட்டிவிட்டார்கள். இரண்டும் சமமாகும்வரை அவன் குமிழைத் திருகினான். பின்னர் இரண்டையும் ஓர் ஆளியில் இணைத்து, எனக்குத் தெரியாதபடி துணியால் மூடினான்.

முதலில் ஒன்று, பிறகு மற்றது, மூன்றாவதாக இரண்டில் ஏதோ ஒன்று. அது எது என்று நான் சொல்லவேண்டும். ஒவ்வொரு முறையும் நாணயத்தைச் சுண்டி எதுவென்று அவன் தீர்மானித்தான். நடத்துபவருக்கும் விடை தெரியாமலிருப்பதே முறை என்று கண்டிப்பானவர்கள் சொல்வார்கள். வீட்டுச் சோதனைக்கு அவன் என் முதுகுக்குப் பின்னால் மௌனமாக இருந்ததே போதும். 16 தடவை செய்தோம். 12 சரியாக வந்தால் வேறுபாடு கேட்கிறது என்று கொள்ளலாம் என்றான். வெறும் ஊகத்தால் அப்படி வருவதற்கு நூறில் நான்கு தடவைகூட வாய்ப்பில்லையாம்.

எனக்கு 9 சரி.

முதல் ஐந்தாறு தடவைகளில் நான் மிக உறுதியாக விடை சொன்னேன் என்பதைப் பதிவு செய்யவேண்டும். தயக்கம் பிறகுதான் வந்தது. வயதைக் காரணம் காட்டலாம் என்று பார்த்தேன். 9,000 ஹேர்ட்ஸுக்கு மேலே எனக்கு எதுவும் கேட்பதில்லை என்று அன்றே தெரியவந்தது. ஆனால், நாற்பது வயதுக்காரனான மருமகனுக்கு, நான் ஆளியைப் பிடித்தபோது, 8 தான் சரியாக வந்தது.

இது எங்கள் வீட்டு விநோதமல்ல. 1994 இல் ஃபுளொய்ட் டூல், ஷோன் ஒலிவ் இருவரும் ஒலிபெருக்கிகளை வைத்துச் செய்த சோதனையில், கண்ணால் பார்த்துக் கேட்டவர்கள் பெரிய, விலைகூடிய பெட்டிகளுக்குக் கூடிய புள்ளி இட்டார்கள். திரைக்குப் பின்னால் வைத்தபோது அந்த இடைவெளி சுருங்கியது. 2007 இல் மேயரும் மொரானும் வெளியிட்ட ஆய்வில், உயர்தரப் பதிவுகளையும் அவற்றையே இறுவட்டுத் தரத்துக்கு இறக்கிய வடிவத்தையும் ஒப்பிட்டுக் கேட்டவர்கள் 554 தடவைகளில் 276 தடவை சரியாகச் சொன்னார்கள். நாணயம் சுண்டினாலும் ஏறத்தாழ அதுதான் வந்திருக்கும்.

அளவீடே எல்லாம் என்று நான் கட்சிமாறிவிட்டதாக வாசகர்கள் எண்ணவேண்டாம். என் பழைய மடிக்கணினியின் ஹெட்போன் துளையில், சுட்டியை அசைக்கும்போதெல்லாம் ஒரு கீச்சொலி வரும். அதற்கு மானி தேவையில்லை. அந்தத் துளையிலிருந்து எந்த டாக்கிற்கு மாறினாலும் நன்மைதான். அந்த நன்மை 9 டொலரிலேயே கிடைத்துவிடுகிறது என்பதுதான் என் வாதம்.

ஆனால், அந்த மணி? 9 டொலர் துண்டில் நாடாவைப் பதினான்காவது நிமிடத்துக்கு நகர்த்தினேன். மணி கேட்டது. இப்போது எங்கே செவிகொடுக்கவேண்டும் என்று எனக்குத் தெரியும். கீச்சிடும் பழைய துளையிலும் கேட்டுப் பார்த்தேன். அங்கேயும் கேட்டது. புதிய பெட்டி வந்த இரவு நான் விளக்கை அணைத்து, கைபேசியை அப்பால் வைத்து, ஒரு மணிநேரம் அசையாமல் இருந்து கேட்டேன். அதற்கு முன் அந்த நாடாவை அப்படிக் கேட்டது 1992 இல் யாழ்ப்பாணத்தில்தான். மின்சாரம் இல்லை, பற்றரிக்குத் தடை. கவிழ்த்து வைத்த சைக்கிளின் பெடலை அயல்வீட்டுப் பையன் கையால் சுற்ற, டைனமோவிலிருந்து வரும் மின்னில் நாடா ஓடியது. பையன் களைத்தால் ஆசிரியரின் குரலும் இழுபட்டுத் தடித்தது. ஒருவரும் எழுந்து போகவில்லை.

ஐம்பது ஆண்டுகளாகப் பிறர் எழுதியதைத் திருத்தியவன் நான். 'நேரில் கேட்டேன்' என்று வந்த இளம் நிருபர்களிடம், எங்கே நின்று கேட்டாய், யார் பக்கத்தில் இருந்தார்கள் என்று குறுக்குவிசாரணை செய்தவன். மறுநாள் நண்பருக்குத் திருத்தக் கடிதம் எழுதினேன். இரண்டு வாரமாகப் பதில் இல்லை. பிறகு ஒருவரியில், தன் காதுகளைத் தனக்குத் தெரியும் என்று எழுதியிருந்தார்.

ஆசிரியரின் மகளுக்குப் பதிவின் பிரதியுடன் 9 டொலர் துண்டு ஒன்றை அனுப்பினேன். பதினான்காவது நிமிடம் என்று குறித்தும் விட்டேன். கேட்டுவிட்டு அழைத்தார். மணி அல்ல, அப்பா இடையிடையே மேசையில் பேனையைத் தட்டுவதுதான் தன்னை அழவைத்தது என்றார். அதை நான் கவனித்திருக்கவில்லை.

பெட்டி இன்னும் என் மேசையில் இருக்கிறது. அதன் குமிழ் பெரிது. மூட்டுவலி உள்ள விரல்களுக்குத் திருப்ப வசதியாக இருக்கிறது.