களிம்பை நாய் விழுங்கிவிட்டால்

குழந்தையின் கைக்கு எட்டாத உயரத்தில் மருந்தை வைக்கும் வழக்கம் நம் இல்லங்களில் உண்டு. ஆயினும் இரவில் காலுக்குப் பூசிய களிம்புக் குழாய் கட்டிலின் ஓரத்திலேயே கிடந்துவிடும். அதன் மணமும் கொழுப்பும் நாய்க்குத் தின்பண்டமாகத் தோன்றுகின்றன.

சில ஆண்டுகளுக்குமுன், தனித்து வாழும் மூதாட்டி ஒருவர் நம்மிடம் பதறியோடி வந்தார். அவருக்குத் துணை ஒரு நாட்டு நாயே. சோரியாசிஸ் என்னும் தோல் நோய்க்கு அவர் பூசிவந்த மருந்தை அது குழாயோடு கடித்து விழுங்கியிருந்தது.

"சாமி, உப்புத் தண்ணி கரைச்சு ஊத்தட்டுமா?" என்றார்.

"வேண்டாம் அம்மா, மிச்சக் குழாயை எடுத்து வாருங்கள்" என்று கூறி, ஆட்டோவில் நாயை ஏற்றி உடன் சென்றோம்.

கால்நடை மருத்துவர் முதலில் கேட்டது அந்தக் குழாயைத்தான். அதில் கால்சிபோட்ரையால் என்று அச்சிட்டிருந்தது. வைட்டமின் 'டி' இனத்தைச் சேர்ந்த இம்மருந்து கிராமுக்கு 50 மைக்ரோகிராம் அளவே களிம்பில் இருக்கும். எனினும் அது நாயின் இரத்தத்தில் சுண்ணாம்புச் சத்தை மிகையாக்கிச் சிறுநீரகத்தைக் கெடுக்கும், உயிரையும் பறிக்கும். அன்று நாய் வாலாட்டி நின்றது. அதைக் கண்டு மருத்துவர் ஏமாறவில்லை. நாள்தோறும் நரம்புவழி சலைன் ஏற்றி, இரத்தத்தைச் சோதித்துவந்தார். நாய் பிழைத்தது.

களிம்புகள் யாவும் ஒரே தன்மையன அல்ல. வாசலின் போன்றவை பெரும்பாலும் வயிற்றுப்போக்கோடு நிற்கும். குழந்தைகளுக்குப் பூசும் துத்தநாகக் களிம்பு வாந்தி உண்டாக்கும். பீட்டாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு களிம்புகளால் தாகமும் சிறுநீரும் மிகும். மூட்டுவலிக்குத் தேய்க்கும் டைக்ளோஃபினாக் இரைப்பையில் புண்ணையும் சிறுநீரகக் கேட்டையும் விளைவிக்கும். கால்நடைகளுக்கு இதைத் தருவதை, கழுகினங்கள் மடிந்த காரணத்தால் இந்திய அரசு 2006இல் தடைசெய்தது.

ஆகவே செய்ய வேண்டியவை இவை. எஞ்சிய களிம்பை உடனே அகற்றி, நாயின் வாயை ஈரத்துணியால் துடையுங்கள். மருந்தின் பெயர், தின்ற அளவு, நேரம், நாயின் எடை ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு, குழாயுடன் அருகிலுள்ள கால்நடை மருந்தகத்திற்கு விரையுங்கள். அறிகுறி தோன்றட்டும் எனக் காத்திராதீர்கள். சென்னையில் இருப்போர்க்கு, 1903இல் தோன்றிய வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை உண்டு.

நாமாக வாந்தியெடுக்க வைத்தல் ஆகாது. உப்புநீர் தானே நஞ்சாகலாம். எண்ணெய் நுரையீரலுக்குள் புகலாம். பால் மாற்று மருந்தன்று. குழாயின் மூடியோ துண்டோ குடலை அடைக்கவும் கூடும். தொடர் வாந்தியும், மலம் கழியாமையும், வயிற்று வலியும் அதன் அடையாளங்கள்.

உடலில் பூசிய மருந்து உலரும்வரை நாயை நக்கவிடாதீர்கள். தனக்கு எங்கே நோகிறது என்று அந்த வாயில்லாச் சீவன் சொல்லாது. ஆதலின் இன்றிரவே களிம்புக் குழாய்களை எடுத்து அலமாரியில் வைத்துக் கதவைத் தாழிடுவோமாக.