மாமியின் வாளி

2020இல் எங்கள் ஊரில் ‘மருந்தடித்தல்’ என்ற சொல்லுக்குப் பொருள் மாறிப்போனது. அதுவரை அது வயலுக்குரிய சொல். முதுகில் தெளிகருவியைச் சுமந்துகொண்டு வரம்பில் நடப்பவர்களே அதைக் கேட்டால் நினைவுக்கு வருவார்கள். கொரோனா வந்த பிறகு அதே கருவிகள் பள்ளிவாசலுக்கும் கடைத்தெருவுக்கும் பாடசாலைகளுக்கும் வந்தன. அப்போது நான் ஆறாம் தரம். குளோரின் நீர் வெண்புகைபோலப் பறப்பதை வேலிக்கு இப்பால் நின்று பார்ப்போம். அந்த வாடை வந்தாலே பெரியவர்களின் முகத்தில் ஒரு நிம்மதி தெரியும்.

என் மாமி ஒரு பாடசாலையில் சுத்திகரிப்பு வேலை செய்கிறார். அவருக்கு அந்த நிம்மதி வரவேயில்லை. “ஊத்தைக்கு மேல அடிச்சா ஊத்தைதான் மருந்தக் குடிக்கும் மகள்” என்பார்.

இப்போது உயர்தரத்தில் உயிரியல் படிக்கிறேன். மாமி சொன்னது சரி. குளோரின் முதலில் அழுக்கோடுதான் தாக்கம் புரியும். அழுக்கு மிகுந்தால் கிருமிக்கு மிஞ்சுவது கொஞ்சம். அதனால் முதல் வேலை சவர்க்காரத் தண்ணீருடையது. கொரோனா வைரசின் வெளியுறை கொழுப்பாலானது. சவர்க்காரம் அதைக் குலைத்துவிடும்.

மூடிக்கிடந்த பாடசாலைகள் திறக்கவிருந்த நாட்களில் மாமி வேலை செய்த விதத்தை அவர் சொல்லக் கேட்டிருக்கிறேன். மேலிருந்து கீழே வருவார். ஊத்தை குறைந்த இடம் முதலில், மலசலகூடம் கடைசியில். அதற்குரிய துணியும் வாளியும் வேறு. கதவுப்பிடி, மின்ஆளி, தண்ணீர்க் குழாயின் திருகு, மேசை விளிம்பு: பிள்ளைகளின் கை படும் இடங்கள் அவருக்கு மனப்பாடம். கழுவியபின் குளோரின் நீரில் நனைத்த துணியால் துடைத்து, ஈரம் உடனே காயாமல் பார்த்துக்கொள்வார். கிருமி சாக அந்த ஈரம் குறைந்தது ஒரு நிமிடமாவது நிற்க வேண்டும். பிறகு இரும்புக் கதிரைகளை நல்ல தண்ணீரால் மீண்டும் துடைப்பார். இல்லாவிட்டால் துருப்பிடிக்கும்.

அளவும் முக்கியம். உலக சுகாதார நிறுவனம் பொதுவான இடங்களுக்குச் சொன்னது 0.1 சதவீதக் குளோரின். 70 சதவீதக் குளோரின் உள்ள தூள் என்றால் 10 லீற்றர் தண்ணீருக்கு ஏறத்தாழ 15 கிராம் போதும். இரத்தம் சிந்திய இடத்துக்குத்தான் 0.5 சதவீதம். வாடை தூக்கலாக இருந்தால்தான் வேலை நடந்ததென்று நம்புகிறவர்களுக்கு இந்தக் கணக்கு பிடிக்காது. அமிலம் கலந்த மலசலகூடத் திரவத்தோடு குளோரினைச் சேர்த்தால் நச்சுவாயு கிளம்பும். வீட்டில் உம்மாமார் இதை அறிந்திருக்க வேண்டும்.

2020 மே மாதத்திலேயே அந்த நிறுவனம் வீதிகளில் தெளிப்பதைப் பரிந்துரைக்கவில்லை என்று அறிவித்துவிட்டது. மனிதர்மேல் எந்தச் சூழ்நிலையிலும் தெளிக்கக் கூடாதென்றும் சொன்னது. அதற்கு முன்பே, மார்ச் இறுதியில், இந்தியாவின் பரேலி நகரில் ஊர் திரும்பிய கூலித் தொழிலாளர்களைத் தெருவில் உட்காரவைத்து அவர்கள்மேல் கிருமிநாசினி அடித்திருந்தார்கள். அந்தக் காணொளியைப் பார்த்த எவருக்கும் சுத்தம் என்ற சொல்லே கசந்திருக்கும்.

பின்னர் வந்த ஆய்வுகள் பயத்தை இன்னும் இறக்கிவைத்தன. தொற்றிய பொருளொன்றைத் தொடுவதால் நோய் வரும் வாய்ப்பு பொதுவாகப் பத்தாயிரத்தில் ஒன்றிலும் குறைவு என்று 2021 ஏப்ரலில் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் கூறியது. நோய் பெரும்பாலும் பரவியது மூச்சுக் காற்றால். அப்படியென்றால் வகுப்பறைக்கு மிகப் பெரிய உதவி, அதன் யன்னல்களைத் திறந்துவைத்ததுதான். வாவிக் காற்று வீசும் ஊரில் அதற்குக் காசும் இல்லை. மாமி காலையில் வந்ததும் முதலில் செய்வதும் அதுவே. துடைத்தது வீண் என்று இதற்குப் பொருளில்லை. வயிற்றோட்டமும் தோல் நோயும் கொரோனா போனதும் கூடவே போய்விடவில்லை.

ஆனால் தெளித்தவர்களைப் படம் பிடித்தார்கள். துடைத்தவர்களை யாரும் படம் பிடிக்கவில்லை. அந்த மாதங்களில் மாமிக்குக் கிடைத்தது மெல்லிய பொலிதீன் கையுறை. இரண்டாவது மேசைக்குள் கிழிந்துவிடும். விரலிடுக்குகள் வெடித்து, இரவில் தேங்காய் எண்ணெய் பூசிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். சோறு பிசைய எரியும் என்று கரண்டியால் சாப்பிடுவார். கேட்டால், “எல்லாருக்கும் வந்த முசீபத்துத்தானே” என்பார்.

சென்ற தவணை பெற்றார் சிலர் சேர்ந்து தடித்த இறப்பர் கையுறை வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். முழங்கை வரை வரும். மாமியின் கைக்கு அது பெரிது. இறப்பர் வளையம் ஒன்றை மேலே மாட்டிக்கொண்டு வேலை செய்கிறார்.