ஊசி சுழலக் கூடாது

சோழகம் வீசும் மாதங்களில் மன்னார்த் தீவில் உப்புப் படியாத பொருள் இல்லை. தென்கரை நெடுக நிற்கும் தம்பபவனி காற்று மின் நிலையத்தின் 30 காற்றாலைகளைச் சுழற்றும் அதே காற்றுத்தான் படகுகளின் செப்புக் கம்பிகளையும் தின்கிறது. பேசாலையில், வீட்டோடு ஒட்டிய ஒரு திருத்தகத்தில், அந்தக் காற்றோடு மல்லுக்கட்டும் ஒருவரின் கைவேலையைப் பார்க்க ஒரு பகல் முழுதும் உட்கார்ந்திருந்தேன். வானொலிக் கருவிகள் திருத்துவதிலேயே தலை நரைத்தவர் அவர்.

அன்று வந்தது ஒரு படகின் விஎச்எஃப் அன்டெனாவும் கேபிளும். “கூப்பிட்டா கரையில கேக்குதில்லை” என்றார் படகுக்காரச் சம்மாட்டி. 156.8 மெகாஹேர்ட்ஸில் இயங்கும் 16ஆம் அலைவரிசை உலகெங்கும் கடலில் ஆபத்துக்குக் குரல் கொடுக்கும் வழி. அது கேட்கவில்லை என்றால் விஷயம் சிறியதல்ல.

மேசையில் இருந்தது உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு வெக்டர் நெட்வொர்க் அனலைசர். கிணற்றுக்குள் கூப்பிட்டு எதிரொலியைக் கேட்பது போன்றது அதன் வேலை. ஓர் அலையை அனுப்பி, திரும்பி வருவது எவ்வளவு, எந்தக் கட்டத்தில் வருகிறது என்று சொல்லும். 1984இல் ஹியூலெட் பக்கார்ட் வெளியிட்ட 8510 என்ற இவ்வகைக் கருவி பெரிய ஆய்வுகூடங்களுக்கே எட்டியது. ஜப்பானிய ஆர்வலர் ஒருவர் வடிவமைத்த நானோவிஎன்ஏ 2019 வாக்கில் மலிவாகப் பரவிய பிறகு இந்தக் கருவி இப்படிப்பட்ட மேசைகளுக்கும் வந்து சேர்ந்தது.

உதவட்டுமா என்று கேட்டு, நானே கேபிளைப் பூட்டப் போனேன். கேபிளைப் பிடித்து முழுதாகத் திருகினேன். அவர் என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

“தம்பி, வயரைத் திருகக் கூடாது. ஊசி சுத்தவே கூடாது. நட்டை மட்டும் சுத்துங்கோ.”

பிறகு செய்து காட்டினார். முதலில் வெளிச்சத்தில் பிடித்து நடு ஊசி நேராக இருக்கிறதா என்று பார்த்தார். மரக்குச்சியில் சுற்றிய பஞ்சை ஐசோபுரோப்பைல் அல்ககோலில் தோய்த்து மரையைத் துடைத்தார். இரு முனைகளையும் ஒரே நேர்கோட்டில் சேர்த்து, உடலை ஒரு கையால் அசையாமல் பிடித்து, மறுகையால் நட்டை மட்டும் திருப்பினார். உடல் சுழன்றால் ஊசி பெண் முனையின் விரல்களோடு உராயும். முலாம் தேயும், உலோகத் தூள் விழும், அடுத்த அளவு பொய்யாகும். ஆய்வுகூடங்களில் எஸ்எம்ஏ எனப்படும் உருக்குத் திருகு இணைப்பை ஏறக்குறைய 1 நியூட்டன் மீற்றரில் ‘டக்’கென்று விட்டுக்கொடுக்கும் ஸ்பானரால் இறுக்குவார்கள். அவர் சிறு ஸ்பானரின் நுனியை இரண்டு விரலால் மட்டும் பிடித்தார். அதற்குமேல் பலம் கொடுக்க அந்த விரல்களால் முடியாது. அதுவே அவருடைய அளவு.

அடுத்தது அளவுத்திருத்தம். அன்டெனாவைப் பூட்டப்போகும் அதே முனையில், திறந்த முனை, குறுஞ்சுற்று முனை, 50 ஓம் சுமை என மூன்றையும் ஒன்றன்பின் ஒன்றாகப் பூட்டினார். கேபிள் அசையாதபடி மேசையோடு நாடாவால் ஒட்டியிருந்தார். கருவிக்கு உலகம் தொடங்குவது அந்த முனையில்தான். அதற்குப் பிறகு நாம் எதைச் சேர்த்தாலும் அதையும் அன்டெனா என்றே அது நம்பும்.

சோதிக்க, 10 சென்ரிமீற்றர் கேபிள் துண்டொன்றை அந்த முனைக்கும் அன்டெனாவின் கேபிளுக்கும் இடையில் பூட்டிக் காட்டினார். திரும்பும் அலையின் அளவையும் கட்டத்தையும் வட்டத்துக்குள் காட்டும் ஸ்மித் வரைபடத்தில் புள்ளி ஏறக்குறைய 57 பாகை சுழன்று போனது. எவ்வளவு திரும்புகிறது என்பதை மட்டும் சொல்லும் எஸ்டபிள்யூஆர் எண் அசையவில்லை. “இந்த நம்பரை மட்டும் பார்க்கிறவன் ஏமாந்துபோவான்” என்றார். துண்டைக் கழற்றினார்.

அன்டெனாவை அதன் கேபிளோடு நேரடியாகப் பூட்டியதும் எஸ்டபிள்யூஆர் 3 காட்டியது. அனுப்பும் சக்தியில் கால்வாசி திரும்பி வருகிறது என்று அர்த்தம். கேபிளின் முனையை விரலால் மெல்ல அசைத்தார். திரையில் கோடு துள்ளியது. “பாத்தீங்களோ, அன்டெனாவில பழுதில்லை. பூட்டிலதான்.”

கனெக்டரை வெட்டிப் பிளந்தார். பின்னல் செம்பு பச்சை பூத்திருந்தது. நீர் பின்னலுக்குள்ளேயே ஏறியிருந்ததால் பளபளக்கும் செம்பு தெரியும் வரை கேபிளை முழம் அளவுக்கு வெட்டி எறிந்தார். புதிய கனெக்டரை ஈயம் வைத்துப் பற்றவைத்து, மறுபடி அளந்தார்: 1.4. திரும்பி வருவது நூற்றுக்கு மூன்றுக்கும் குறைவு. பிறகு ரப்பர் நாடாவை இழுத்து இழுத்துச் சுற்றினார், ஈரத்துக்கு வழியில்லாமல்.

விலை உயர்ந்த கருவி இருந்தால் உண்மை தானாக வரும் என்று நானும் நம்பியிருந்தேன். அன்று கற்றது வேறு. கருவி நாம் கொடுத்த பூட்டைத்தான் அளக்கிறது. பூட்டுச் சரியில்லை என்றால் திரையில் தெரியும் எண்ணுக்குப் பெயர் அளவு அல்ல. அந்த ஒழுங்கைக் காப்பது விரல்களின் பொறுமை. ஊர்ப் பட்டறைகளில் இந்தப் பொறுமைக்குச் சான்றிதழ் கிடையாது. கடலில் இருப்பவர்களின் உயிர் அதை நம்பித்தான் இருக்கிறது.

பின்னேரம் படகில் அன்டெனாவை ஏற்றிவிட்டு, திருத்தகத்தின் கருவியில் காத்திருந்தோம். இரைச்சலுக்கு நடுவே சம்மாட்டியின் குரல் வந்தது: “கேக்குதோ?”

“வடிவாக் கேக்குது” என்றார் அவர். தேநீர் ஆறிக்கொண்டிருந்தது. அதை எடுக்குமுன் மூன்று அளவுத்திருத்த முனைகளுக்கும் சிறிய மூடிகளை ஒவ்வொன்றாகப் போட்டு வைத்தார்.