சூடு ஏறியது முதலிலா, வேகம் குறைந்தது முதலிலா?

செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போகும் சாலை காரைச் சோதிக்கத் தோதானது. கடைவீதி நெரிசல், திறந்த சாலை, அப்புறம் கிழக்குக் கடற்கரைச் சாலையான ஈசிஆரின் நேர் ஓட்டம் மூன்றும் ஒரே பயணத்தில் கிடைத்துவிடும். மகிந்திரா சிட்டியில் 2012 முதல் இயங்கும் மகிந்திரா ரிசர்ச் வேலி (Valley) போன்ற ஆய்வுக்கூடமெல்லாம் நமக்கு எதற்கு? ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள, காரின் கணினித் தகவலைத் தரும் 16 பின் ஓபிடி சாக்கெட்டில் செருக ஒரு ப்ளூடூத் அடாப்டர், ஒரு போன், எக்செல். போதும்.

என் பழைய கார் நெரிசலில் ஏசி போட்டு நின்றால் சூடாகும். ஈசிஆரில் சமர்த்தாக ஓடும். டேஷ்போர்டு முள்ளோ நடுவை விட்டு அசையாது. சூடு கொஞ்சம் ஏறி இறங்கினாலும் முள் அப்படியே நிற்கும்படிதான் பல கார்களில் செய்திருக்கிறார்கள், நாம் பதறக்கூடாதாம்! ஓபிடி அப்படி மறைக்காது. கூலன்ட் வெப்பத்தை அது ஓர் எண்ணாக அனுப்பும். அதில் 40 கழித்தால் டிகிரி. 130 வந்தால் 90 டிகிரி. இந்தக் கணக்கைப் போனே போட்டுவிடும்.

ஆர்பிஎம், வேகம், கூலன்ட் வெப்பம், உள்ளிழுக்கும் காற்றின் வெப்பம் நான்கையும் எக்செலில் ஒன்றாகப் போட்டேன். ஆர்பிஎம் ஆயிரக்கணக்கில் துள்ள, 90 டிகிரிக் கோடு தரையோடு படுத்துக்கிடந்தது. அதற்கு வலப்பக்கம் இரண்டாவது அச்சு கொடுக்க வேண்டும். அடுத்தது நேரம். சென்சார்களை ஒவ்வொன்றாகக் கேட்டுத்தான் பதில் வாங்குகிறது அடாப்டர். வரிகளுக்கிடையே இடைவெளி சமமாக இராது. லைன் சார்ட் அதைப் பொருட்படுத்தாது. நேரத்தைக் கிடை அச்சில் வைத்த ஸ்கேட்டர் சார்ட்தான் சரி. விட்டுப்போன கட்டங்களையும் வெறுமையாகவே விட வேண்டும். பூஜ்ஜியம் என்று நிரப்பினால், சித்திரை வெயிலில் என்ஜின் உறைநிலைக்கு இறங்கிய அதிசயத்தைக் காணலாம்.

நின்ற வண்டியில் வெப்பம் ஏறும், ஃபேன் ஓடும், வெப்பம் இறங்கும், மறுபடி ஏறும். கோட்டில் இது ரம்பப் பற்களாகத் தெரிய வேண்டும். என் கோட்டில் பல்லே இல்லை. வேகம் பூஜ்ஜியமானதும் ஏறத் தொடங்கிய கூலன்ட், வண்டி நகரும்வரை ஏறிக்கொண்டே போனது. உள்ளிழுக்கும் காற்றும் சூடேறியிருந்ததால் வெயில்மேல் பழிபோடத் தோன்றியது. ஆனால் அந்தக் கோடு கூலன்டுக்குப் பின்னால்தான் எழுந்தது. அது காரணமல்ல, விளைவு. மெக்கானிக் ரேடியேட்டரையே மாற்றச் சொல்லியிருந்தார். அதில் கோளாறு இருந்தால் ஈசிஆர் வேகத்தில் 90 டிகிரியில் நின்றிருக்குமா? ஃபேன் ரிலேதான் செத்திருந்தது. ரிலேயை மாற்றியதும் பற்கள் முளைத்தன.

இரண்டு அச்சு வைத்த கிராஃபில் ஓர் எச்சரிக்கை உண்டு. அச்சை இழுத்துச் சுருக்கி எந்த இரு கோடுகளையும் இரட்டைப் பிள்ளைகளாக்கிக் காட்டிவிடலாம். ஆகவே எது உயரம் என்று பார்ப்பதில் பயனில்லை. எது முதலில் அசைந்தது என்று பாருங்கள்.

அடாப்டர் வாங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை: வண்டி நன்றாக இருக்கும்போதே, வழக்கமாகப் போகும் சாலையில், ஏசியோடு ஒரு பயணத்தைப் பதிவுசெய்து வையுங்கள். கோளாறு வந்தபின் ஒப்பிட அது வேண்டும். ஓட்டும்போது போனைப் பார்க்காதீர்கள். பதிவு தானாக நடக்கும்.