குவேனிக்கும் ஒரு கூத்து

வைகாசி பிறந்தால் முல்லைத்தீவுச் சனத்துக்கு வற்றாப்பளைக் கண்ணகி கோயில் பொங்கல்தான் நினைப்பு. பாக்குத்தெண்டல் சடங்கு நடக்கும், கடலில் தீர்த்தமெடுத்து, அந்த உப்புநீரை ஊற்றி முள்ளியவளைக் காட்டா விநாயகர் கோயிலில் விளக்கேற்றுவார்கள். மதுரையை எரித்துவிட்டு வந்த கண்ணகி நந்திக்கடலோரம் கிழவியாக இருந்தாளாம். மாடு மேய்த்த பொடியள் புக்கை பொங்கிக் கொடுத்தார்கள். தலை கடிக்கிறது, பேன் பாருங்கோ என்றாள் கிழவி. மயிரை விலக்கிப் பார்த்தால் தலை முழுக்கக் கண்கள்! ஊரை எரித்தவளையும் பேன் பார்க்கக் கேட்கும் ஆச்சியாக்கித் தங்களோடு இருத்திக்கொண்ட இந்தச் சனத்தின் மனசு எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

கோவலன் கூத்தும் அந்த மனசில் விளைந்ததுதான். சிலம்பைக் கழற்றிக் கொடுக்கும் கட்டத்தில், கதை தெரிந்தவர்களே கண்ணைத் துடைப்பார்கள். மாதவிக்கு அந்தக் கண்ணீர் கிடைப்பதில்லை. கோவலன் மாண்டதைக் கேட்டுத் துறவு பூண்டவள் என்று சிலப்பதிகாரத்தில் இளங்கோ காட்டியவள், கூத்துக் களரியில் பெரும்பாலும் குடிகெடுக்க வந்தவள்தான்.

மாதவியாவது களரி ஏறுகிறாள். குவேனியை நினைத்தால்தான் எனக்கு ஆறவில்லை. மகாவம்சத்தில் அவள் மரத்தடியில் நூல் நூற்றுக்கொண்டிருந்த இயக்கர் குலப் பெண். கரையேறிய இளவரசன் விஜயன் அவள் தலைமயிரைப் பிடித்து வாளை ஓங்குகிறான். உறவு அப்படித்தான் தொடங்குகிறது. பிறகு அவனுக்கும் அவன் ஆட்களுக்கும் சோறு கொடுத்தாள், தன் இனத்தை வெல்ல வழி சொன்னாள், இரண்டு பிள்ளைகளையும் பெற்றாள். முடிசூட அரசகுலப் பெண் வேண்டுமென்று அமைச்சர்கள் சொன்னதும், மதுரைப் பாண்டியன் மகளுக்குத் தூது போயிற்று. பிள்ளைகளை விட்டுவிட்டு நீ போ என்றான் விஜயன். அவள் அவர்களையும் கூட்டிக்கொண்டு இயக்கர் நகரான இலங்காபுரம் போனாள். வேவு பார்க்க வந்தவள் என்று சொந்தச் சனமே நினைத்தது; அவர்களில் ஒருவன் அவளை அடித்துக் கொன்றான்.

இது சிங்களவரின் தோற்றக் கதை என்று நாங்கள் பேசாமல் இருந்துவிடுகிறோம். அவளுடைய இடத்துக்கு வந்த மணப்பெண் மதுரைக்காரி என்பதையாவது யோசிக்க வேண்டாமா? கண்டி மலைநாட்டின் கொஹொம்ப கங்காரிய சடங்கு, விஜயன் அவளுக்குச் செய்த துரோகத்தால் வந்த தோஷத்தைத் தீர்ப்பதற்கென்று ஆடப்படுவது. ஹென்றி ஜயசேன 1963இல் அவள் பெயரிலேயே சிங்கள நாடகம் போட்டார். எங்கள் கண்ணகியையும் அவர்கள் பத்தினித் தெய்வமாகக் கும்பிடுகிறார்கள்.

வன்னியில் கூத்துப் பழக்கும் ஓர் அண்ணாவியார் குவேனியைக் கையிலெடுக்க வேணும். விஜயனுக்கு நீண்ட வரவுப்பாட்டு வேண்டாம். பிள்ளைகளை இலங்காபுர வாசலில் இருத்திவிட்டு உள்ளே போகிறாளே, அங்கே மத்தளத்தை நிறுத்தி அவளைப் பாடவிட வேணும். விஜயனால் கொல்லப்பட்ட இயக்கரின் உறவுகளிடம் என்ன சொல்லிப் போனாள் என்பதை மகாவம்சம் எழுதாமல் விட்டிருக்கிறது. எங்கள் அண்ணாவிமாருக்கு ஒப்பாரி மெட்டுகளுக்குப் பஞ்சமில்லை.